உதடு முந்த, குரல் பிந்த

குர்லாவில் நம்மவர் பரண்களில் வீடியோ கேசட்டுகள் இன்னும் கிடக்கின்றன. தூர்தர்ஷன் ஞாயிறு மதியம் போட்ட தமிழ்ப் படமும், மறைந்த பெரியவர்களின் பேச்சும் அவற்றில் உண்டு. கணினியில் ஏற்றித் தரும் கடைக்காரர் சிலர், உதடு முந்திக் குரல் பிந்தினால், "பழைய டேப் அப்படித்தான்" என்று கைவிரிக்கிறார்கள். இதை ஏற்கலாகாது.

நொடிக்கு 25 தனிப்படங்கள் ஓடியே காட்சியாகிறது. பதியும்போது கணினி 25 படங்களைத் தவறவிட்டால் காட்சி ஒரு நொடி குறையும், ஒலி குறையாது. வித்தியாசம் முழுக்க ஒரே அளவென்றால் ஒலியை நகர்த்தினால் போதும். போகப்போகக் கூடினால் மறுபடி பதிவதே நல்லது. படமும் ஒலியும் ஒரே கருவி வழியே ஏறவேண்டும். கணினியில் வேறு வேலை ஓடக்கூடாது.

ஆகவே காசு கொடுக்குமுன் கடைசிப் பத்து நிமிடத்தைப் போட்டுப் பாருங்கள். கடைசிவரை வி.சி.ஆர். தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் 2016-ல் நிறுத்திவிட்டது. இன்று பதியாத குரலை நாளை எங்கே தேடுவது?