புலம்பெயர்ந்த பாட்டுக்கு அவை வேண்டும்

நாடு கடந்து வாழும் ஒரு பாடகர் பாடும் அரங்கில் சென்று அமர்வது எத்தகைய அனுபவம்? ஒலிபெருக்கியும் வண்ணவிளக்கும் எந்தக் கச்சேரியிலும் உண்டு. இங்கே வேறுபடுவது அவை. வள்ளுவர் 'அவையறிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். சொல்பவன் தன் அவையை அறிந்து பேசவேண்டும் என்பது நமது மரபு. அவையையே பறிகொடுத்தவன் யாரை அறிந்து பாடுவான்?

ருஷ்ய மொழியில் ராப் பாடும் நாய்ஸ் எம்சி என்ற இவான் அலெக்ஸெயெவை முதலில் எடுத்துக்கொள்வோம். 2022 பிப்ரவரியில் ருஷ்யா உக்ரைன்மீது முழு அளவில் படையெடுத்ததை எதிர்த்த அவர், நாட்டைவிட்டு வெளியேறி லித்துவேனியாவில் வாழத் தொடங்கினார். அந்த ஆண்டிலேயே ருஷ்ய அரசு அவரை 'அயல்நாட்டு முகவர்' பட்டியலில் சேர்த்தது. பாடகி மொனெட்டோச்காவுடன் இணைந்து அவர் ஐரோப்பிய நகரங்களில் நடத்திய கச்சேரிகள் உக்ரைன் அகதிகளுக்கு நிதி திரட்டின.

அவருடைய பாடல்களுள் ஒன்று 'அன்னப்பறவை ஏரி' என்ற பெயரைத் தாங்கியது. சைக்கோவ்ஸ்கியின் அந்த நடனநாடகத்தைத்தான் சோவியத் தலைவர்கள் இறந்தபோதும், 1991 ஆகஸ்டில் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி நடந்தபோதும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பினார்கள். ஆகவே, அப்பெயரைக் கேட்டதுமே ஆட்சி மாறுகிறது என்ற குறிப்பு ருஷ்யருக்கு விளங்கிவிடும். 2025 மே மாதம் பீட்டர்ஸ்பர்க் நீதிமன்றம் ஒன்று இப்பாடலைப் பரப்பத் தடை விதித்தது. அக்டோபரில் அதே நகரத் தெருவில் இதைப் பாடிய தியானா லோகினோவா என்ற 18 வயதுப் பெண் சிறை வைக்கப்பட்டார். அவரைச் சூழ்ந்து நின்ற இளைஞர்களும் உடன் பாடினார்கள். அப்பெண்ணும் பின்னர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. பாடலாசிரியர் திரும்ப முடியாத ஊருக்குப் பாட்டு திரும்பிவிட்டது. அதை ஏந்திக்கொள்ள ஊரில் ஓர் அவை இருந்ததே காரணம்.

நமது பக்கத்து நிலைமை வேறு. எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக இலங்கைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். யாழ்ப்பாணத்திலும் சிறிது காலம் சென்னையிலும் வளர்ந்தபின், 1986இல் தாயுடனும் உடன்பிறந்தோருடனும் அகதியாக லண்டன் திரும்பினார். 2005இல் வெளிவந்த முதல் தொகுப்புக்குத் தந்தையின் இயக்கப்பெயரான 'அருளர்' என்பதையும், 2007இல் வந்த அடுத்த தொகுப்புக்குத் தாயின் பெயரான 'கலா' என்பதையும் சூட்டினார். 'கலா'வின் பாடல்கள் சிலவற்றில் நமது உருமி மேளம் அதிர்கிறது. சொல் மட்டும் ஆங்கிலம்.

2009 பிப்ரவரி 8 அன்று, நிறைமாதக் கர்ப்பிணியாக அவர் கிராமி விருது விழா மேடையில் பாடினார். வன்னியில் போரின் இறுதி மாதங்கள் அவை. தொலைக்காட்சி நேர்காணல்களில் அவர் தமிழர் படும் பாட்டைச் சொல்லிக்கொண்டேயிருந்தார். புலிகளை மேன்மைப்படுத்துகிறார் என்ற கண்டனமும் அவரைத் தொடர்ந்தது. அவரது அரசியலை ஏற்கலாம், மறுக்கலாம். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. துப்பாக்கி வெடிக்கும் ஓசையும் கல்லாப்பெட்டி திறக்கும் ஓசையும் பல்லவியில் கலந்த அவரது பாட்டுக்கு, அமெரிக்க விசா கிடைக்காத அலைக்கழிப்புதான் தூண்டுதல். அதற்கு உலகமே ஆடியது. ஆடியவர்களுள் எத்தனை பேருக்கு அந்த அலைக்கழிப்பு விளங்கியிருக்கும்? கூட்டம் பெரிது, அவை சிறிது.

ருஷ்யப் பாடகருக்கு மொழி துணை நிற்கிறது. அவரைத் துரத்திய அரசு பேசுவதும் அதே மொழிதான். இம்மொழி ஆட்சியாளரின் சொத்தன்று என்பதை அவர் பாடுவதன் மூலமே நிறுவுகிறார். ஈழத்திலிருந்து பெயர்ந்தவருக்கோ, அவரைத் துரத்திய அரசின் மொழி வேறு, தஞ்சம் தந்த நாட்டின் மொழியும் வேறு. தமிழ் வீட்டுக்குள் ஒதுங்கியது. அது மீண்டும் மேடையேற ஒரு தலைமுறை தேவைப்பட்டது. கனடாவில் வளர்ந்த நவ்ஸ்-47 தமிழிலும் ராப் பாடுகிறார். அவரும், யாழ்ப்பாணத்தில் பிறந்து டொரண்டோவில் வாழும் ஷான் வின்சென்ட் டி பாலும் 2021இல் சந்தோஷ் நாராயணனுடன் சேர்ந்து அளித்த 'நீயே ஒளி' தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் அது திரைப்படத்தின் கைபிடித்து வந்தது என்பதையும் மறக்கலாகாது.

'ராப் இலக்கியமா?' என்று கேட்கும் தமிழாசிரியர்கள் நம்மிடையே உண்டு. தைப்பூசத்துக்கு ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு நடப்பவர்களைக் கேட்டவர் இவ்வாறு கேட்கமாட்டார். அருணகிரிநாதரின் சந்தம் மூச்சுவிட இடம் தராமல் அடுக்கி வருவது; மோனையும் எதுகையும் தாளத்தின்மேல் ஏறி ஓடுவது. அதைப் பாடவேண்டும், கேட்கவேண்டும். ஏட்டில் வைத்து முணுமுணுத்தால் பாதிதான் கிடைக்கும். ராப்பும் அப்படியே.

நமது வட்டாரத்துக்கு அடைக்கலம் புதிதன்று. 1772இல் காளையார்கோவிலில் கணவரை இழந்த வேலுநாச்சியாருக்கு, ஒட்டன்சத்திரத்தை அடுத்த விருப்பாச்சியில் கோபால நாயக்கர் புகலிடம் தந்தார். 1983க்குப் பின் கடல்தாண்டி வந்தவர்களுக்குத் தமிழ்நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள் எழுந்தன. திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்தில் 2022 செப்டம்பரில் அவர்களுக்கு 321 புதிய வீடுகள் திறக்கப்பட்டன. 2021 முதல் அகதி முகாம் என்ற பெயரும் மறுவாழ்வு முகாம் என்று மாறியிருக்கிறது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் இங்கேயே பிறந்து, இங்கேயே பயின்று, குடியுரிமைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் தம் கதையைப் பாட எந்த மேடையைக் கொடுத்தோம்? கூரை கொடுத்தவர்கள் செவி கொடுத்தோமா?

புலம்பெயர் இலக்கியம் என்ற தாளைக் கல்லூரிகளில் நடத்துகிறோம். கவிதையும் சிறுகதையும் நாவலும் அதில் இடம்பெறுகின்றன. பாட்டுக்கும் இடம் வேண்டும். நமது கல்லூரிக் கலைவிழாக்களில் திரைப்பாட்டுக்கு ஆடும் நேரத்தில் ஒரு மணியை, டொரண்டோவிலிருந்தோ பாரிஸிலிருந்தோ வரும் ஓர் இளம்பாடகருக்கும், முகாமிலிருந்து வரும் மாணவருக்கும் ஒதுக்கலாம். பெரிய செலவில்லை, அரங்கு இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது. உலகில் தமிழுக்கு வாய்த்த மிகப்பெரிய அவை இந்த மாநிலம். அவர்கள் சொல்லும் சொல்லுக்கு உரை தேவைப்படாத செவிகள் இங்கேதான் கோடிக்கணக்கில் உள்ளன. சென்று அமர்ந்து கேட்கவேண்டியதுதான் நமது வேலை.