கண்புரை: வயசா, வெயிலா?

பாகூரிலோ வில்லியனூரிலோ நாற்று நடவுக்குப் போகும் பெண்களிடம் கண்புரை பற்றிப் பேச்செடுத்தால் "வயசாச்சு இல்ல, வரத்தானே செய்யும்" என்பார்கள். முகாம் போடுவார்கள், வண்டி வரும், தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையில் லென்ஸ் வைத்து அனுப்புவார்கள். 2003ல் அந்த மருத்துவமனை வந்தபிறகு பார்வை திரும்பியவர்கள் ஏராளம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எல்லாவற்றையும் 'வயசு' என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோமே, அதுதான் இடிக்கிறது.

கண் லென்ஸ் ஒரு விசித்திரமான உறுப்பு. இரத்த ஓட்டம் கிடையாது. அதன் நடுப்பகுதியில் உள்ள புரதங்கள் தாயின் வயிற்றிலேயே உருவானவை. சாகும்வரை அவற்றுக்கு மாற்று வருவதில்லை. இந்தப் பழைய சரக்கின் மேல்தான் தினமும் வெயில் அடிக்கிறது! இதற்கு உடம்பு ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றில் கிடைக்கும் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தை உடைத்து, கைனுரெனின் வகைப் பொருட்களாக லென்ஸுக்குள் நிரப்பி வைக்கிறது. புற ஊதாக் கதிர் விழித்திரைக்குப் போகாமல் இவை உறிஞ்சிக்கொள்கின்றன. பிறவியிலேயே மாட்டிக்கொண்ட கூலிங் கிளாஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.

சிக்கல் நடுவயதில் ஆரம்பிக்கிறது. இந்தக் கைனுரெனின்கள் அவ்வளவு நிலையானவை அல்ல. கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து லென்ஸ் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். இளம்வயதில் குளூட்டாதயோன் என்ற காவல்காரன் அதைத் தடுத்துவிடும். வயது ஏற ஏற, லென்ஸின் நடுப்பகுதிக்குக் குளூட்டாதயோன் போய்ச் சேருவது குறைகிறது. புரதம் மஞ்சளாகிறது. கைனுரெனின் ஒட்டிய புரதத்தின் மேல் மறுபடி புற ஊதாக் கதிர் பட்டால், அதுவே ஆக்ஸிஜன் ராடிக்கல்களை உண்டாக்குகிறது. 3-ஹைட்ராக்ஸிகைனுரெனின் என்பது வெயிலே இல்லாமலும் ஹைட்ரஜன் பெராக்ஸைடைத் தரக்கூடியது. லென்ஸுக்குள் டிரிப்டோஃபேனை உடைக்கும் ஐ.டி.ஓ. நொதியைக் கூட்டிவிட்ட எலிகளின் லென்ஸ் செல்கள் செத்து, புரை விழுந்ததை 2009ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. (இதைப் படித்துவிட்டு யாரும் பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிட வேண்டாம். குற்றவாளி டிரிப்டோஃபேன் அல்ல.)

வெயிலின் பங்கு எவ்வளவு? அமெரிக்காவில் செசபீக் விரிகுடாவில் படகில் வேலை செய்யும் 838 பேரை ஆராய்ந்து 1988ல் வெளியிட்டார்கள். வாழ்நாளில் கண்ணில் பட்ட புற ஊதா-பி கதிர் இரட்டிப்பானால், லென்ஸின் ஓரங்களில் தொடங்கும் புரைக்கான வாய்ப்பு 1.6 மடங்கானது. நடுப்பகுதிப் புரைக்கு அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. ஆகவே எல்லாப் பழியையும் வெயில் மேல் போடவும் முடியாது.

இங்கேதான் உள்ளூர்க் கணக்கு முக்கியமாகிறது. அரவிந்த், எய்ம்ஸ், லண்டன் ஆய்வாளர்கள் சேர்ந்து வடக்கே குர்கானிலும் தெற்கே புதுச்சேரியிலும் அறுபது வயதைத் தாண்டியவர்களை ஆராய்ந்தார்கள். 2011ல் முடிவுகள் வெளியாயின. தெற்கில் பரிசோதித்த 2970 பேரில் கிட்டத்தட்ட 46 சதவீதம் பேருக்கு வைட்டமின் சி பற்றாக்குறை. வடக்கில் 74 சதவீதம்! இரத்தத்தில் வைட்டமின் சி அதிகமாக இருந்தவர்களிடம் புரை குறைவாகவே இருந்தது. ஓரத்துப் புரை, நடுப்புரை இரண்டிலும் அப்படித்தான். புகையிலை போடுகிறவர்களுக்கும், விறகு, வறட்டி அடுப்பில் சமைக்கும் வீட்டாருக்கும் பற்றாக்குறை அதிகம். ராடிக்கல்களை அணைக்கும் சரக்கு தீர்ந்துபோன கண்ணில்தான் பாகூர் வெயில் விழுகிறது.

இது தொடர்புதான், நிரூபணம் இல்லை என்று ஒரு வாதம் வரும். சரிதான். 2001ல் அமெரிக்காவில் நடந்த பெரிய சோதனையில் வைட்டமின் மாத்திரை புரையைத் தடுக்கவில்லை என்றும் சொல்வார்கள். அதுவும் உண்மை. ஆனால் அவர்கள் நன்றாகச் சாப்பிடும் அமெரிக்கர்கள். நிறைந்த பானையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு, காலிப் பானைக்கும் தண்ணீர் வேண்டாம் என்று சொல்வது என்ன கணக்கு? அதுவும் இங்கே கேட்பது மாத்திரை அல்ல, ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோதான். காய்கறியில் இருக்கும் வைட்டமின் சி கொதிக்கிற குழம்பிலேயே பாதி போய்விடும், பச்சையாகத் தின்பதற்குக் கணக்கே வேறு.

நடவுப் பெண்கள் தலையில் கட்டும் துண்டு உச்சியைத்தான் காக்கும், கண்ணுக்கு நிழல் தராது. அதற்கு முன்பக்கம் விளிம்பு வைத்த தொப்பி வேண்டும். அதன் விலை ஒரு நாள் கூலிகூட வராது. அரிசி, சேலை, மிக்ஸி என்று இலவசங்களைப் பற்றி இத்தனை பேசும் ஊரில், வயலில் நிற்பவருக்கு ஒரு தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கொடுக்கலாமே என்று எந்த மேடையிலும் பேச்சு எழக் காணோம். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சத்துணவு யோசிக்கிற அரசு, வயலுக்குப் போகும் பாட்டிக்கு வாரம் நாலு நெல்லிக்காய் யோசிக்கக் கூடாதா?

முகாம் வண்டிதான் கிராமத்துக்குள் வருகிறதே, தொப்பியையும் கண்ணாடியையும் அதிலேயே ஏற்றி அனுப்பலாம். புரை முற்றிய அறுபது வயதுக்காரர் ஆபரேஷனுக்கு ஏறட்டும். லென்ஸுக்குள் குளூட்டாதயோன் குறையத் தொடங்கும் நாற்பது வயதுக்காரர் அந்த வண்டியிலிருந்து தொப்பியை வாங்கிக்கொண்டு வயலுக்குப் போகட்டும்.