பார்த்தீனியத்துக்கு பார்த்தீனியமே மருந்தா?

போன வாரம் ஓபியில ஒரு விவசாயி. முகம், கண்ணிமை, கழுத்து எல்லாம் தடிச்சு கறுத்துப் போய், ராத்திரி முழுக்க சொறிஞ்ச காயம். நெஞ்சுல ஸ்டெத் வச்சா விசில் சத்தம். நான் எழுதிக் கொடுத்த களிம்பையும் இன்ஹேலரையும் நிறுத்தி ரெண்டு மாசமாச்சாம்.

"அந்தச் செடியில இருந்தே எடுத்த உருண்டை சார். மனுஷங்ககிட்ட டெஸ்ட் பண்ணினதாம்."

அந்த 'டெஸ்ட்' என்னன்னு தெரிஞ்சுக்கோங்க. ஹோமியோபதியில இதுக்கு 'புரூவிங்'னு பேரு. நோயாளிக்குக் குணமாச்சான்னு பார்க்கிற சோதனை இல்லை இது. நல்லா இருக்கிற ஆளுக்கு மருந்தைக் கொடுத்து, அவருக்குத் தலைவலியா, அரிப்பா, என்ன கனவு வந்துச்சுன்னு குறிச்சு வைப்பாங்க. அந்தப் பட்டியலோட ஒத்துப்போற நோயாளிக்கு அதே மருந்து. நீங்களும் ஒரு மாசம் டைரி எழுதுங்க, ஒண்ணுமே சாப்பிடாமலே நாலு தலைவலியும் ரெண்டு அரிப்பும் வரும்!

சரி, உருண்டையில என்ன இருக்கு? 30சி-ன்னா நூறில் ஒரு பங்காக 30 தடவை நீர்க்கச் செய்தது. 1-க்குப் பின்னால 60 பூஜ்யம். 12 தடவை தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவதே சந்தேகம். நீர்க்காத 'மதர் டிங்சர்'னா கதை வேற. அதுல செடிச்சாறு நிஜமாவே இருக்கு, அலர்ஜி உள்ளவருக்கு அது ஆபத்து.

"அலர்ஜி ஊசியும் இதே தத்துவம்தானே டாக்டர்?"னு கமெண்ட்ல கேட்பீங்க. இல்லைங்க. அதுல அளந்த அளவு அலர்ஜிப் பொருள் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமா கூட்டி, ஊசி போட்டதும் அரை மணி நேரம் உட்கார வச்சுப் பார்ப்போம்.

1950-களில் புனே பக்கம் தலைகாட்டிய அமெரிக்கச் செடி இது. இன்னைக்கு ரயில் தண்டவாளம், தரிசு, பள்ளிக்கூடச் சுவரோரம் எல்லாம் அதுதான். அதிலுள்ள பார்த்தீனின் தோலைப் பாதிக்குது, மகரந்தம் மூக்கையும் நுரையீரலையும். முதுகுல பேட்ச் ஒட்டி 48 மணி நேரம் கழிச்சுப் பார்த்தா தோல் அலர்ஜியை உறுதி பண்ணலாம். நம்மகிட்ட உள்ள டெஸ்ட் இதுதான்.

2015-ல் ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆய்வுக் கவுன்சில் இருக்கிற ஆய்வுகளையெல்லாம் அலசி, ஹோமியோபதி பலன் தரும்னு நம்பத்தக்க ஆதாரம் உள்ள நோய் ஒண்ணுகூட இல்லைன்னு சொல்லிடுச்சு. ஆனா விவசாயி ஆஸ்திரேலிய அறிக்கையா படிப்பார்? அரிப்புல தூக்கம் போனவர் கையில கிடைச்சதைப் பிடிச்சுக்கிட்டார். அவர் மேல எனக்குக் கோபமே இல்லை. "இன்ஹேலரை நிறுத்துங்க"ன்னு சொன்னவர் மேலதான்.

நெபுலைசர் வச்ச பிறகு மூச்சு சீராச்சு. களிம்பு, இன்ஹேலர் மறுபடி ஆரம்பம். பூ விடுறதுக்கு முன்னாடியே செடியை வேற ஆளை விட்டுப் பிடுங்கச் சொல்லியிருக்கேன், கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டு. வியாழக்கிழமை வரணும்.