வரட்சி ஆண்டில் வீட்டுத் தோட்டம்

2016ஆம் ஆண்டு வடகீழ்ப் பருவமழை பொய்த்தமையால், 2017இல் இலங்கையின் பல பகுதிகள் கொடிய வரட்சிக்கு உள்ளாயின. அத்தகைய ஆண்டுகளில் கமக்காரருட் சிலர் வீட்டுத் தோட்டத்தையே முதலிற் கைவிடுகின்றனர். வேறு சிலர் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கூடுதல் நேரம் ஓட்டுகின்றனர். இவ்விரண்டும் தகாதன.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கற்பாறையில் தங்கிய மழைநீரே கிணற்றுநீர். அந்நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்பது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும். ஒருவர் மிகுதியாக இறைப்பின் அயலார் கிணறும் கெடும்.

ஆதலின், கொக்குவிற் கமக்காரர் இறைப்பைக் கூட்டாது பாத்தியைக் குறைத்தலே அறிவுடைமை. கத்தரி, வெண்டி, பயிற்றை ஆகியவற்றைக் குடும்பத்துக்கு வேண்டிய அளவே நடுக. செம்பாட்டு மண்ணைச் சருகாலும் பனையோலையாலும் மூடி, மாலையில் செடியின் அடியில் மட்டும் நீர் வார்க்க. கிணற்றடியிற் குளித்த நீரை வாழைக்குத் திருப்புக. அரிசி கழுவிய நீர் செவ்வரத்தைக்கும் நந்தியாவட்டைக்கும் மல்லிகைக்கும் உதவும். முருங்கையோ நன்கு வேரூன்றியபின் வரட்சியைத் தாங்கும்.

பூசைக்குப் பூவும் கறிக்குக் காயும் வளவிலேயே கிடைப்பது சிறிய நன்மையன்று. ஆயினும் கிணறு உவரானால், அடுத்த ஆண்டு மழை பெய்தும் பயன் குறையும். காக்கத்தக்கது முதலிற் கிணறே.