நடுவீட்டில் ஓர் இடம்

ஆடிப் பதினெட்டை ஒட்டிக் கொல்லிமலையில் ஆண்டுதோறும் வல்வில் ஓரிக்கு விழா எடுக்கப்படுகிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான அவனை வன்பரணர் பாடிய பாடல், புறநானூற்றில் 152ஆவதாக உள்ளது. வேட்டைக்குச் சென்ற ஓரி, காட்டு வழியில் களைத்து வந்த பாணர் கூட்டத்தைக் கண்டான். அவர்கள் தன் புகழைத் தன் எதிரிலேயே பாடக் கேட்டு நாணினான். அரண்மனைக்கு வந்து பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லாமல், அந்தக் காட்டிடையே உணவளித்து, தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியையும் வாரிக் கொடுத்தான்.

இராசிபுரம், சங்ககிரி, எடப்பாடி, ஓமலூர் வட்டாரத்துச் சிற்றூர்களில், இன்றும் மாரியம்மனுக்குப் பூச்சாட்டிப் பண்டிகை நடைபெறும்போது தெருக்கூத்து உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கும் கூத்து, கிழக்கு வெளுக்கும் வரை நீளும். அரவான் களப்பலி, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று பாரதம் நம் கண்முன் நடக்கும். கிரீடத்தையும் புஜகீர்த்தியையும் சுமந்து, சலங்கை கட்டிய காலோடு இரவெல்லாம் ஆடிப் பாடிய கலைஞருக்கு, விடியும்போது தொண்டை கம்மியிருக்கும், கண் எரியும். ஊரார் எழுந்து போய்விடுவார்கள். அவர் எங்கே போவார்?

முன்னாளில் இதற்கு ஊரே விடை வைத்திருந்தது. வீட்டுக்கு ஒருவர், இருவர் என்று முறை வைத்துக் கலைஞர்களை அழைத்துச் செல்வது பல ஊர்களில் வழக்கம். அரிதாரத்தைக் கலைக்கத் தேங்காய் எண்ணெய் தருவார்கள். அண்டாவில் வெந்நீர் காய்ந்திருக்கும். களியோ, சோறோ, வீட்டில் உள்ளதை இலையில் இட்டு, பிறகு திண்ணையில் பாய் விரித்துக் கொடுப்பார்கள். வந்தவர் உச்சிப்பொழுது வரை உறங்குவார். “சத்தம் போடாதீர்கள், தருமராசா தூங்குகிறார்” என்று பாட்டி பேரப்பிள்ளைகளை அடக்குவாள். இரவில் தொடை தட்டிச் சீறிய துரியோதனன், பகலில் கிணற்றடியில் தன் வேட்டியைத் தானே துவைத்துக்கொண்டிருப்பதைப் பிள்ளைகள் வாய்பிளந்து பார்ப்பார்கள். வேடம் வேறு, மனிதர் வேறு என்னும் பாடத்தை அவர்கள் அங்கேதான் கற்றார்கள்.

இந்த அன்புக்கும் ஓர் எல்லை இருந்தது என்பதை மறைத்தல் ஆகாது. கூத்தில் அரசராக வணங்கப்பெற்றவர், பொழுது விடிந்ததும் குலம் கேட்கப்பட்டார். சிலருக்குத் திண்ணை வரையே இடம். சிலருக்கு அதுவும் இல்லை, தோப்பு நிழலே கதி. அம்மன் சந்நிதியில் ஆடியவர் அடியார் வீட்டு வாசலில் நிறுத்தப்பட்டார்.

இப்படி ஒரு வினா எழும் என்று அறிந்ததுபோல், பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் ஒரு வரலாற்றைப் பெரியபுராணத்தில் வைத்திருக்கிறார். சோழ நாட்டுத் திருச்சாத்தமங்கையில் வாழ்ந்தவர் திருநீலநக்க நாயனார். வேதம் வல்லவர், வேள்வித்தீ அணையாத இல்லம் அவருடையது. திருஞானசம்பந்தர் அவ்வூருக்கு எழுந்தருளினார். உடன் வந்தவர்கள், அவருடைய பதிகங்களை யாழில் வாசிக்கும் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர்தம் மனைவியார் மதங்கசூளாமணியாரும். பந்தலிட்டு எதிர்கொண்ட நாயனார், அனைவருக்கும் திருவமுது செய்வித்தார். இரவு வந்தது. யாழ்ப்பாணர் தங்க ஓர் இடம் தரும்படி சம்பந்தர் கூறினார்.

பாணர் பிறந்த குலத்தை அக்கால வழக்கு எங்கே வைத்திருந்தது என்பதை அவ்வீட்டில் அறியாதவர் இல்லை. திண்ணையையோ தோட்டத்தையோ காட்டியிருக்கலாம். ஊரார் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நாயனாரோ நடுவீட்டில், வேள்வி வேதிகையின் பக்கத்திலேயே பாணருக்கு இடம் கொடுத்தார். தீ வாடவில்லை, வலமாகச் சுழித்து ஓங்கி எரிந்தது. யாழ்ப்பாணரும் மனைவியாரும் அங்கே துயின்றனர். இசைவாணருக்கு வீட்டில் எவ்விடம் தகும் என்ற கேள்விக்கு, அந்த அக்கினியே விடை சொல்லிவிட்டது.

இன்றைய நிலை வேறு. கூத்துக் குழு வேனில் வருகிறது. விடிந்ததும் வேனிலேயே திரும்புகிறது. தொடர்ந்து பல இரவு ஆட்டம் என்றால் பள்ளிக்கூட வராந்தாவோ மண்டபமோ ஒதுக்கப்படுகிறது. பொட்டலச் சோறு வருகிறது. யாரும் மனமறிந்து செய்த அவமதிப்பு அன்று. வசதி கருதிச் செய்வதுதான். ஆயினும் கொட்டும் கொசுவிலும் பகல் வெயிலிலும் தூங்காத கண்ணோடு, அடுத்த இரவும் அவர் கர்ணனாக நிற்க வேண்டியிருக்கிறது. மறுபுறம், பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, நம் வீடுகளில் அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. முதியவர் இருவர் மட்டும் வாழும் வீட்டில், பேச்சுக்குரல் கேட்பதே பண்டிகை நாளில்தான்.

பூட்டிய அறையையும் உறங்க இடமில்லாத கலைஞரையும் சேர்த்துவைப்பது பெரிய காரியம் அன்று. பூச்சாட்டுக்கு முன்பே கோயில் நிர்வாகத்தாரிடம், “எங்கள் வீட்டில் இருவர் தங்கலாம்” என்று சொல்லிவைத்தால் போதும். விருந்தினருக்கு வேண்டியவையும் சிலவே: எண்ணெய், வெந்நீர், தொண்டைக்கு இதமான காரமில்லாத உணவு, வெளிச்சம் புகாத ஓர் அறை, அணிகலப் பெட்டியை வைக்கப் பத்திரமான ஒரு மூலை. உறங்குபவரை எழுப்பி, “ஒரு பாட்டுப் பாடுங்கள்” என்று கேட்கக் கூடாது. குலம் கேட்கவே கூடாது. விடைபெறும்போது வெற்றிலை பாக்கோடு இயன்றதை அவர் கையிலேயே கொடுத்து வணங்கலாம்.

அம்மனுக்கு ஏற்றும் விளக்கு கோயிலில் எரிகிறது. அவள் கதையைச் சொல்லிக் களைத்தவர் கண்ணயர நடுவீட்டில் ஒரு பாய் விரித்தால், திருச்சாத்தமங்கையில் வலஞ்சுழித்த அந்த ஒளி நம் இல்லத்திலும் எரியும்.