உறுமலுக்கு மதம் இல்லை

1988-இல் அமெரிக்காவின் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளுக்கு ஓர் இசைத்தொகுப்பு வந்து சேர்ந்தது. அட்டையில் ஆணி அறைந்த ஒரு கை, அதிலிருந்து வழியும் ரத்தம். ‘ஹ்யூமன் சேக்ரிஃபைஸ்’ என்று பெயர், நரபலி. லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த ‘வெஞ்சன்ஸ் ரைசிங்’ குழுவின் முதல் தொகுப்பு அது. சில கடைக்காரர்கள் அதை அடுக்கில் வைக்கவே மறுத்துவிட்டார்கள். சிலுவையைச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டே, அதில் அறையப்பட்டவரின் கையில் ரத்தம் வழிந்திருக்கும் என்பதைப் பார்க்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

இந்தக் கதை கிறிஸ்தவ டெத் மெட்டலைப் பற்றியது. டெத் மெட்டலைக் கேட்டறியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். கிடாரின் சுருதியை வழக்கத்தைவிடத் தாழ்த்தி, ஒலியைக் கரகரவெனச் சிதைத்து வாசிப்பார்கள். தகரக் கூரையில் அடைமழை கொட்டுவதுபோல டிரம்ஸ் இடைவிடாமல் அதிரும். பாடகர் பாடமாட்டார், அடித்தொண்டையிலிருந்து உறுமுவார். 1985-இல் கலிஃபோர்னியாவின் ‘பொசெஸ்ட்’ வழி திறந்தது. 1987-இல் ‘டெத்’ என்றே பெயர் சூட்டிக்கொண்ட ஃபுளோரிடாக் குழு அதை அகலப்படுத்தியது. 1990 வாக்கில் ஃபுளோரிடாவின் டாம்பா நகரம் இந்த இசையின் தலைநகராகிவிட்டது. அங்கிருந்து வந்த ‘டீசைட்’ குழுவின் கிளென் பென்டன், தன் நெற்றியிலேயே தலைகீழ்ச் சிலுவையைச் சூடு போட்டுக்கொண்டவர். இந்த இசையில் போய் இயேசுவைப் பாடுவதா என்று சபைகள் கேட்டதில் வியப்பில்லை.

பாடலாம் என்பதற்கான சாட்சி அந்த இசையின் பிறப்பிலேயே இருக்கிறது. பொசெஸ்ட் குழுவின் முதல் தொகுப்பின் பெயர் ‘செவன் சர்ச்சஸ்’. வெளிப்படுத்தின விசேஷத்தில் யோவான் எழுதும் நிருபங்களைப் பெறுகிற ஏழு சபைகள்தான் அவை. நரகம், மிருகத்தின் இலக்கம், உலக முடிவு என்று சாத்தானைப் பாடியவர்கள் கையாண்ட சரக்கெல்லாம் வேதாகமத்திலிருந்து வாரிக்கொண்டது. அதில் இன்னும் எவ்வளவோ மிச்சமும் இருந்தது. யாகேல் என்னும் பெண் தூங்குகிற சிசெராவின் நெற்றிப்பொட்டில் கூடார ஆணியை அடித்து இறக்குகிறாள். எசேக்கியேலின் கண்ணெதிரே உலர்ந்த எலும்புகள் ஒன்றோடொன்று கூடி, நரம்பும் சதையும் ஏறி எழுந்து நிற்கின்றன. நியாயாதிபதிகள் புத்தகத்தின் 19-ஆம் அதிகாரத்தில் ஒரு பெண்ணின் உடல் பன்னிரண்டு துண்டுகளாக வெட்டி அனுப்பப்படுகிறது. ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் மெதுவாகத் தாண்டிப்போகும் பக்கங்கள் இவை. சாவையும் அழுகலையும் தவிர வேறெதையும் அதிகம் பேசாத ஓர் இசைக்கு இவை அந்நியமானவை என்று யார் சொல்ல முடியும்?

சொன்னார்கள். கிறிஸ்தவ டெத் மெட்டல் வருவதற்கு முன்பே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மேடையிலிருந்து புதிய ஏற்பாட்டை ரசிகர்கள்மீது வீசிய ‘ஸ்ட்ரைப்பர்’ குழு, 1986-இல் வெளியிட்ட ‘டு ஹெல் வித் த டெவில்’ தொகுப்பைப் பத்து லட்சத்துக்குமேல் விற்றது. இத்தனைக்கும் அது காதுக்கு இதமான மெட்டல். அதையே பொறுக்காத தொலைக்காட்சிப் பிரசங்கியார் ஜிம்மி ஸ்வாகர்ட், கிறிஸ்தவ ராக் இசை ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய் என்று 1987-இல் ஒரு புத்தகமே போட்டார். அடுத்த ஆண்டே பாலியல் விவகாரம் ஒன்றில் சிக்கி, அதே தொலைக்காட்சியில் கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்டார் என்பது தனிக்கதை.

கிறிஸ்தவ டெத் மெட்டலுக்கு உண்மையான முகம் கொடுத்தவர்கள் அமெரிக்கர்கள் அல்லர். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ‘லைட்ஃபோர்ஸ்’ என்ற சாதாரண ஹெவி மெட்டல் குழுவை நடத்திவந்த ஸ்டீவ் ரோ, 1990-இல் அதை ‘மார்ட்டிஃபிகேஷன்’ ஆக்கினார். மூன்றே பேர்: பேஸ் கிடாரும் உறுமலும் ரோ, கிடார் மைக்கேல் கார்லைல், டிரம்ஸ் ஜேசன் ஷெர்லாக். 1992-இல் வந்த அவர்களின் ‘ஸ்க்ரோல்ஸ் ஆஃப் த மெகில்லோத்’ தொகுப்பை, சாத்தானைப் பாடுகிறவர்களுக்கும் இடம் கொடுக்கிற ஜெர்மன் நிறுவனமான நியூக்ளியர் பிளாஸ்ட் எடுத்து வெளியிட்டது. மெகில்லோத் என்பது ரூத், உன்னதப்பாட்டு, பிரசங்கி, புலம்பல், எஸ்தர் ஆகிய ஐந்து எபிரெயச் சுருள்களைக் குறிக்கும். அந்தத் தொகுப்பு முதல் நிமிடத்திலிருந்து கடைசிவரை கேட்பவருக்கு மூச்சுவிட இடம் தராது. நல்ல கிறிஸ்தவத் தொகுப்பு என்று அடைமொழி சேர்த்துப் பாராட்ட வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை.

அதில் ஒரு பாட்டின் பெயர் ‘லிம்ஃபோசார்கோமா’. ஒரு புற்றுநோயின் பெயர். நான்கு ஆண்டுகள் கழித்து ஸ்டீவ் ரோவுக்கே ரத்தப் புற்றுநோய் வந்தது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டு பிழைத்தெழுந்து, 1998-இல் ‘ட்ரையம்ஃப் ஆஃப் மெர்சி’ என்ற தொகுப்பில் அந்த நோயையும் மீட்பையும் பாடினார். அதற்குள் குழுவின் இசை எளிமையாகிவிட்டது, பழைய வேகம் இல்லை. ஆனாலும் மரணத்தை வெறும் மேடை அலங்காரமாக வைத்துக்கொண்ட பல குழுக்களிடம் இல்லாத ஒன்று அந்தத் தொகுப்பில் உண்டு: அவர் அதை நேரில் பார்த்திருந்தார்.

ஷெர்லாக் போன வழி இன்னும் சுவையானது. மார்ட்டிஃபிகேஷனை விட்டு விலகிய அவர், 1994-இல் ‘ஹோர்டு’ என்ற பெயரில் எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்து ‘ஹெல்லிக் உஸ்வார்ட்’ தொகுப்பைக் கொண்டுவந்தார். டெத் மெட்டலின் பங்காளியான, சாத்தானைப் பாடும் பிளாக் மெட்டலின் பாணி. சொற்கள் மட்டும் நேரெதிர். தலைகீழ்ச் சிலுவையைத் தலைகீழாக்கு என்கிறது ஒரு பாட்டின் தலைப்பு. அட்டையில் அவர் தன் பெயரைப் போடவில்லை. காரணம் இருந்தது. நார்வேயில் 1992 ஜூனில் ஃபாந்தொஃப்ட் மரத் தேவாலயம் எரிந்தது. தொடர்ந்து வேறு தேவாலயங்களுக்கும் பிளாக் மெட்டல் இளைஞர்கள் தீ வைத்தார்கள். 1993 ஆகஸ்டில் அங்கேயே பிளாக் மெட்டல் குழுவான ‘மேஹெம்’-இன் யூரோனிமஸ், சக இசைக்கலைஞர் ஒருவராலேயே குத்திக் கொல்லப்பட்டார். அந்தச் சூழலில் ஹோர்டு வெளிவந்ததும், யார் இவன் என்று கேட்டு நியூக்ளியர் பிளாஸ்டுக்கு மிரட்டல் கடிதங்கள் குவிந்தன.

இங்கேதான் கவனிக்க வேண்டிய ஒற்றுமை இருக்கிறது. இந்த ஓசை சாத்தானுக்கே சொந்தம் என்றார் பிரசங்கியார். மிரட்டல் எழுதியவர்களும் அதையேதான் சொன்னார்கள். ஒருவரையொருவர் ஜென்ம விரோதிகளாக நினைத்த இரு தரப்பும் ஒரே மூடநம்பிக்கையைப் பகிர்ந்துகொண்டன. கிடாரின் தாழ்ந்த சுருதிக்கு எந்த மதமும் கிடையாது. மேஹெம் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஹெல்ஹாமரே 2005-இல் நார்வேயின் கிறிஸ்தவக் குழுவான ‘அன்டெஸ்டர்’-இன் ‘த ஃபார்சேக்கன்’ தொகுப்பில் வாசித்தார். வானம் இடிந்து விழவில்லை. தொகுப்பு நன்றாகவே வந்தது.

சரி, கிறிஸ்தவத் தரப்பு மட்டும் தெளிவாக இருந்ததா? அவர்கள் இன்னொரு தவறைச் செய்தார்கள். சொல் சரியாக இருந்தால் இசை தானாகவே பரிசுத்தமாகிவிடும் என்று நினைத்தார்கள். இதனால் பெயர் பெற்ற குழுக்களை நகலெடுத்து, வரிகளை மட்டும் மாற்றிப்போட்ட தொகுப்புகள் ஏராளமாய் வந்தன. உறுமலில் ஒரு வார்த்தைகூடப் புரியாது. பாட்டு யாரைப் பற்றியது என்று அறிய உள்ளே இருக்கும் தாளைப் பிரித்துப் படிக்க வேண்டும். அந்தத் தாளை நம்பியே ஒரு தனிச் சந்தை, தனிப் பத்திரிகை, தனித் திருவிழா என்று வளர்ந்தன. கூடவே, வாசிப்பவர் மெய்யான விசுவாசிதானா என்ற ஓயாத விசாரணையும் வளர்ந்தது. அந்த விசாரணையில் தேறாதவர்களின் கதைகள் கசப்பானவை. வெஞ்சன்ஸ் ரைசிங்கின் ரோஜர் மார்ட்டினெஸ் பின்னாளில் கிறிஸ்தவத்தையே தூக்கியெறிந்தார். கிறிஸ்தவ மெட்டல் குழுவான ‘ஆஸ் ஐ லே டையிங்’கின் டிம் லாம்பெசிஸ், மனைவியைக் கொல்ல ஆள் தேடிய வழக்கில் 2014-இல் ஆறு ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். தான் விசுவாசத்தை எப்போதோ இழந்துவிட்டதாகவும், கூடப் பயணித்த பல குழுக்களின் நிலையும் அதுதான் என்றும் அப்போது சொன்னார்.

அதே நேரத்தில் இந்த விசாரணையைப் பொருட்படுத்தாமல் இயங்கியவர்களும் உண்டு. சாவ் பாவ்லோவில் ‘அன்டிடீமன்’ குழுவின் பாடகர் மெட்டல் ரசிகர்களுக்கென்றே ஒரு சபையை மேய்க்கிறார். 2006-இல் ஹெல்சிங்கியில் லூத்தரன் திருச்சபை, வழக்கமான ஞானப்பாட்டுகளை மெட்டல் இசையில் பாடும் ஆராதனையை நடத்தியது. நார்வேயின் ‘எக்ஸ்டால்’ 2000-இல் ‘அன்டிசீவ்ட்’ தொகுப்பில் வயலினையும் சிக்கலான தாளக் கணக்குகளையும் கொண்டுவந்து, யாரையும் நகலெடுக்காமல் நின்றது. நம்பிக்கை இல்லாத ரசிகர்களும் அதைத் தேடிக் கேட்டார்கள்.

கிறிஸ்தவ டெத் மெட்டலின் மதிப்பை அது சேர்த்த ஆத்துமாக்களின் எண்ணிக்கையில் தேடுவது வீண் வேலை. மெகில்லோத், அன்டிசீவ்ட் இரண்டையும் கேட்க நினைப்பவர்கள் பாடல் தாளைப் பிரிக்காமல் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பிடித்திருந்தால் பிறகு படித்துக்கொள்ளலாம்.