கவரும் பாடலும் கவரப்படும் பாடலும்

சென்ற ஆண்டு நம் துறையின் முத்தமிழ் விழாவில் இசைப்போட்டிக்கு நடுவராக அமர்ந்திருந்தேன். முதலாண்டு மாணவர் ஒருவர் மேடையேறி 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்னும் பாடலைப் பாடினார். குரலில் இனிமை இருந்தது, சுருதி பிசகவில்லை. ஆயினும் தாலாட்டுப் போல மெல்லப் பாடினார். "யாருடைய பாடல், தம்பி?" எனப் பின்னர் வினவினேன். தொலைக்காட்சிப் போட்டியில் அதைப் பாடிய இளம்பாடகர் ஒருவரின் பெயரைத் தயக்கமின்றிச் சொன்னார். நாகூர் ஈ.எம். ஹனீபா என்னும் பெயரை அவர் கேள்விப்பட்டிருந்தார். அப்பாடலைப் பாடியவர் அவரே என்பதை அறிந்திலர். அன்று நான் இட்ட மதிப்பெண்ணில் என் வருத்தமும் ஓரிரண்டைக் குறைத்திருக்குமோ என இன்று ஐயுறுகிறேன்.

ஹனீபாவின் குரல் எங்கள் தலைமுறைக்கு ஒலிநாடாவில் வந்தது. நோன்பு மாதத்து ஸஹர் வேளையிலும், திருமணப் பந்தலில் கட்டிய ஒலிபெருக்கியிலும் அதைக் கேட்டே வளர்ந்தோம். மார்க்க மேடையிலும் திராவிட இயக்க மேடையிலும் ஒருங்கே முழங்கிய அவ்வெண்கலக் குரல் 2015 ஏப்ரல் 8 அன்று ஓய்ந்தது. அதற்குப் பழகிய செவிக்கு வேறொருவர் அப்பாடலைப் பாடக் கேட்பது, வாப்பாவின் சட்டையை அயலார் அணிந்து வரக் காண்பது போன்றது. சட்டை பொருந்தியிருந்தாலும் மனம் ஒப்புவதில்லை.

இவ்வாறு பிறர் பாடியதை மீண்டும் பாடுவதை இக்காலத்தார் 'கவர்' என்கின்றனர். ஆங்கிலத்தில் அச்சொல் எப்பொருளில் வழங்கினும், தமிழில் கவர்தல் என்பதற்குப் பறித்துக்கொள்ளல், மனத்தை ஈர்த்தல் என இரு பொருளும் உண்டு. என் மனநிலை இவ்விரண்டிற்கும் இடையில் ஊசலாடுகிறது.

தமிழ் பயிற்றுவிப்போன் இதனை முற்றும் வெறுத்தல் இயலாது. தொல்காப்பியர் நூலை முதல், வழி எனப் பகுத்தார். வழிநூலை நான்காக விரித்து, மொழிபெயர்ப்பையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். நன்னூலாரோ, முன்னோர் முடிபோடு ஒத்து நின்று, பின்வந்தவன் தான் வேண்டும் வேறுபாடுகளைக் கூறலாம் என இசைவளித்தார். கம்பர் வழிநூல் செய்யத் தயங்கியிருந்தால் நமக்குக் கம்பராமாயணம் ஏது? தியாகராசரின் ஒரு கீர்த்தனையை நூறு வித்துவான்கள் பாடினாலும் அவற்றை யாரும் 'கவர்' என்பதில்லை. முதலில் பதிவான குரலே மூலம் என்னும் எண்ணம் இசைத்தட்டு வந்தபின் எழுந்ததே. மேலும், இந்தித் திரைப்பாடல்களின் மெட்டுக்குத் தமிழ்ச் சொற்களை இட்டு இசுலாமியப் பாடல்களாகப் பாடும் வழக்கம் நம் மேடைகளில் நெடுநாளாக உண்டு. மெட்டை இரவல் பெற்ற நாம், குரலை மட்டும் இரவல் தர மறுப்பது முறையோ?

ஆனால் கம்பர் ஒன்று செய்தார். வடமொழியில் இக்கதை சொன்னோர் மூவருள் முந்தியவர் வழியே தாம் செல்வதைப் பாயிரத்திலேயே கூறிவிட்டார். இன்றைய பாடகரிடம் நான் வேண்டுவது அப்பாயிரம் ஒன்றே. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 31சி பிரிவு, முதற்பதிவு நிகழ்ந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்தபின், உரிமைத்தொகை செலுத்தி மறுபதிவு செய்ய இடமளிக்கிறது. மறுபதிவு என்பதை உறையில் குறிக்க வேண்டும் என்கிறது; முன்பு பாடியவரின் பெயரை அவ்வுறையில் இடலாகாது என்றும் தடுக்கிறது! வாங்குவோர் ஏமாறாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. மேடையில் நின்று நன்றியுடன் பெயர் சொல்வதை எச்சட்டமும் தடுக்கவில்லை.

இவ்வளவும் எண்ணியவாறு அன்றிரவு வீடு திரும்பியபோதுதான் ஒரு வினா என்னையே தைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக 'ஹனீபா பாட்டு' என்று சொல்லி வருகிறேனே, அதை எழுதியவர் யார்? கிளியனூர் ஆர். அப்துல் சலாம். அப்பெயர் எனக்கு உடனே நினைவில் எழவில்லை. தேடித்தான் உறுதி செய்துகொண்டேன். சொல்லை வைத்துப் பிழைக்கும் தமிழாசிரியனின் நிலை இது! மாணவர் பாடகரை மறந்தார். யான் பாவலரையே மறந்திருந்தேன்.

மறுநாள் அம்மாணவரை அழைத்துப் பழைய பதிவைக் கேட்கச் செய்தேன். இறுதிவரை அசையாதிருந்து கேட்டார். "ஐயா, இவர் மக்களைக் கூவி அழைக்கிறார். நான் இதைத் தனியே செய்யும் துஆ என்றல்லவா நினைத்துப் பாடினேன்" என்றார். வகுப்பறையில் யான் கூறியிருக்க வேண்டிய விளக்கம் அது. அப்பாடல் இறைவனை நோக்கிப் பேசவில்லை. கூட்டத்தை நோக்கிப் பேசுகிறது. ஆயினும் அவர் பிழைபடக் கொண்ட பொருளில் பிறந்த அந்த மெல்லிய குரல், அழைப்புக்குள் ஒரு மன்றாட்டும் ஒளிந்திருப்பதை எனக்குக் காட்டியது என்பதையும் மறைக்க மாட்டேன்.

இவ்வாண்டு விழாவிலும் அதே பாடலைப் பாட அவர் பெயர் கொடுத்திருக்கிறார். தொடங்குமுன் இருவர் பெயரையும் சொல்ல ஒப்புக்கொண்டார். மெல்லத்தான் பாடுவேன் என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறார். இம்முறை நடுவராக வேறு ஒருவரை அமர்த்துமாறு துறைத்தலைவரிடம் வேண்டிக்கொண்டுள்ளேன்.